சேஸிஸில் துரு: பழைய பிக்கப்பை வாங்கலாமா, விட்டுவிடலாமா?

நெடுவழி

வணக்கம் நண்பர்களே. பிக்கப் ஒன்று வாங்க இரண்டு மாதமாக அலைகிறேன். கடைசியில் இரண்டு வண்டிகள் கையில் நிற்கின்றன. எது என்று முடிவுக்கு வர முடியவில்லை.

முதல் வண்டிக்குப் பதினொரு வயது. ஓட்டம் 90,000 கிலோமீட்டர்தான். ஒரே கை. இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது, கியர் இழுத்த இழுப்புக்கு விழுகிறது, சீட்டில் ஒரு கிழிசல் இல்லை. ஆனால் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைக்கு உப்புப் போடுகிற பகுதியிலேயே ஓடிய வண்டி. குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு. ஸ்டெப்னி தொங்குகிற கிராஸ் மெம்பரை (குறுக்குச் சட்டம்) நகத்தால் சுரண்டினால் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கையோடு வருகிறது.

இரண்டாவதற்கு ஒன்பது வயது, ஓட்டம் 2,10,000. வறண்ட பகுதியில் ஓடியது. வெயிலில் பெயின்ட் வெளுத்து, டேஷ்போர்டு வெடித்துக் கிடக்கிறது. அடியில் மட்டும் தூசியைத் துடைத்தால், வண்டியையே தாங்குகிற அடிச்சட்டமான சேஸிஸ் கறுப்பாக அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மனசு முதல் வண்டியிடம்தான் போகிறது. "துரு இல்லாத பழைய வண்டி எங்கே இருக்கிறது? சுரண்டிவிட்டு ஒரு கோட் அடித்தால் பத்து வருஷம் ஓடும்" என்கிறார் விற்பவர். அது சரியா? நான் பாரம் ஏற்றுவேன், டிரெய்லரும் இழுப்பேன்.

அச்சாணி

தம்பி, துரு எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்குப் பாருங்கள். இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

பழுப்பு நிறத்தைப் பார்த்தே பயந்து ஓட வேண்டியதில்லை. கம்பித் தூரிகையால் நாலு தேய்ப்புத் தேய்த்ததும் கீழே வழவழப்பான இரும்பு தெரிந்தால் அது மேல்துரு. அதைச் சமாளிக்கலாம். தேய்க்கத் தேய்க்க அடுக்கடுக்காகக் கழன்று, கீழே குண்டும் குழியுமாக இரும்பு தெரிந்தால் அது வேறு கதை. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு உப்பும். அதனால் ஒரு பொருக்கின் தடிமனை அப்படியே போன இரும்பாகக் கணக்கிடக் கூடாது. ஆனால் பொருக்கு உதிர்கிறது என்றாலே அங்கே இரும்பு மெலிந்துவிட்டது உறுதி. சேஸிஸ் இரும்பு பெரும்பாலும் 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் போவது சின்ன விஷயம் இல்லை.

இடம் என்று சொன்னேனே, ஸ்டெப்னி கிராஸ் மெம்பர் அரித்திருப்பதே எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. அங்கேயே நின்றுவிடாதீர்கள். பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறுகிற இடம், பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கின் முன் கொண்டியும் பின் ஷேக்கிளும் பிடித்திருக்கும் இடம், பெட்ரோல் டேங்குக்கு மேலே கை நுழையாத சந்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் சேறு நேராக வந்து அடிக்கிற பகுதி, கேபின் உட்கார்ந்திருக்கும் மவுன்ட். டிரெய்லர் இழுக்கப்போகிறவர் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) போல்ட் போட்டிருக்கிற கடைசி இரண்டு அடியையும் விடக்கூடாது. பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது.

சேஸிஸ் 'சி' வடிவமா, நாலு பக்கமும் மூடிய பெட்டியா என்று பார்த்தீர்களா? 'சி' வடிவம் என்றால் உள்பக்கமும் கண்ணுக்குத் தெரியும். பெட்டி வடிவம் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து துருப்பிடிப்பதுதான் அதிகம். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே இத்துப்போயிருக்கும்.

கூட்டல்கழித்தல்

குறைந்த ஓட்டம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். துருவுக்குக் கிலோமீட்டர் தெரியாது, எத்தனை குளிர்காலம் என்பதுதான் கணக்கு. 90,000 ஓடிய வண்டி மீதி நாளெல்லாம் எங்கே நின்றது என்று கேளுங்கள். உப்புத் தண்ணீரோடு வந்து கதகதப்பான கேரேஜில் நின்றிருந்தால் இன்னும் மோசம். உறைகுளிரில் துரு மெதுவாகத்தான் நகரும், இதமான சூட்டில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் வேகம் பிடித்துவிடும்.

இன்னொரு கணக்கு. தேய்ந்த இன்ஜினை இறக்கி வேறு இன்ஜின் ஏற்றலாம். கிளட்ச், கியர்பாக்ஸ், பால் ஜாயின்ட் எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான். சேஸிஸை மாற்றுவது என்றால் கேபின், பாடி, இன்ஜின், ஒயரிங், பிரேக் பைப், எரிபொருள் பைப் எல்லாவற்றையும் பிரித்து வேறொரு எலும்புக்கூட்டில் மறுபடி கட்ட வேண்டும். பழைய வண்டிக்கு அந்தக் கூலியே வண்டி விலையைத் தாண்டிவிடும். 2,10,000 ஓடிய இன்ஜினில் என்ன செலவு வரும் என்று ஒரு மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிடுவார். பெட்டிக்குள்ளே இருக்கிற துருவுக்கு யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

தீப்பொறி

வெல்டிங் என் தொழில். ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒருவர் பிக்கப் கொண்டுவந்தார். வாங்கி இரண்டு மாதம். காலியாக ஓடினால் ஒன்றும் இல்லை, பாரம் ஏற்றினால் இடது பக்கம் சாய்கிறது, பள்ளத்தில் இறங்கினால் 'கடக்' என்று ஒரு சத்தம். லிஃப்டில் தூக்கினேன். அடிப்பக்கம் மை பூசியது போல ஜொலிக்கிறது. விற்பதற்கு முன்பு ரப்பர் அண்டர்கோட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

உருண்டைத் தலைச் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். கேபின் வரைக்கும் கணீர் கணீர் என்றது. கேபின் தாண்டியதும் சத்தம் மங்கியது. ஸ்பிரிங்கின் முன் கொண்டிக்கு ஒரு சாண் முன்னால் 'சொத்' என்றது. அடுத்த தட்டில் சுத்தியலின் மூக்கு உள்ளே போய்விட்டது. அந்த ரப்பரின் ஓரத்தை நெம்பி இழுத்தேன். வாழைப்பட்டை உரிவது போல முழங்கை நீளத்துக்கு உரிந்து வந்தது. அதன் உள்பக்கம் முழுக்கத் துரு ஒட்டியிருந்தது, ஈரத்தோடு. மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் அந்தப் பூச்சு அடைத்துவிட்டது. ஒன்றைக் குத்தித் திறந்ததும் உள்ளேயிருந்து இரண்டு கை ஈர மண் கொட்டியது.

அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதை வெல்டிங் செய்ய மறுத்துவிட்டேன். பற்றவைக்க அங்கே இரும்பே மிச்சமில்லை.

அதனால் நெடுவழி, பழுப்பாகக் காட்டுகிற வண்டியாவது உண்மையைச் சொல்கிறது. விற்பனைக்கு முந்தின வாரம் கறுப்படித்த வண்டியைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். அப்படி அடித்தால் ஒயர் மேலும், போல்ட் தலை மேலும், சைலன்சர் பைப் மேலும் கறுப்புத் தூறல் பட்டிருக்கும். கம்பெனியில் அப்படி வராது.

நெடுவழி

படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை அண்ணே. நல்லவேளை கேட்டேன். ஓட்டை இல்லாமல் மெலிந்து மட்டும் இருந்தால் தகடு வைத்து வெல்டிங் செய்வது பாதுகாப்பானதா?

தீப்பொறி

செய்கிறவர் கையைப் பொறுத்தது. கெட்டதை வெட்டி எடுத்து நல்ல இரும்பு வரும்வரை போக வேண்டும். துரு மேலேயே தகடை வைத்து ஒட்டினால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும், அடுத்த வருஷம் தகடு மட்டும் நிற்கும். தகடின் முனையைச் சரிவாகவோ வைர வடிவிலோ வெட்ட வேண்டும். செங்குத்தாக நேர்கோட்டில் வெல்டிங் ஓடினால் சேஸிஸ் வளைகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டில்தான் இழுவை விழும், கடைசியில் அங்கேயே விரிசல் விடும். இப்போதைய சேஸிஸ்கள் பல உயர்வலிமை எஃகு. அதிகச் சூடு பட்டால் அந்த இடத்தில் வலிமை குறையும்.

எல்லோரும் மறக்கிற ஒன்று இருக்கிறது. வெளியே வெல்டிங் முடித்துப் பெயின்ட் அடிப்பார்கள். பெட்டியின் உள்பக்கம் அந்தச் சூட்டில் பழைய பூச்சு கருகியிருக்கும். ஓட்டை வழியாக நீளக் குழாய் விட்டு மெழுகோ எண்ணெயோ அடிக்காவிட்டால் அடுத்த துரு அங்கேதான் பிறக்கும்.

பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையில் சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஸ்டீயரிங் மாதிரி முக்கியமான பிடிமானங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துரு வலிமையைக் குறைத்திருந்தால் வண்டி தேறாது. தகடு வைத்தாலும் சுற்றிவர இடைவிடாமல் வெல்டிங் ஓடியிருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக ஒட்டிவிட்டுப் போக முடியாது. எந்த நாட்டில் வாங்கினாலும் அந்த 30 சென்டிமீட்டரை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மூன்றாம்கியர்

இடையில் ஒரு சந்தேகம். நான் புது வண்டிதான் வாங்கப்போகிறேன். ஷோரூம் வாசலில் நிற்கிற வண்டியின் பின் அச்சுக் குழாயிலும் வெல்டிங் ஓரங்களிலும் இப்போதே பழுப்புத் தெரிகிறது. இது பழைய ஸ்டாக்கா? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

அச்சாணி

வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அச்சுக் குழாய், வார்ப்பு இரும்புச் சாமான்கள், பிரேக் டிஸ்க்கின் நடுப்பகுதி இவற்றுக்குப் பூச்சு மெல்லியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சில வாரம் வெளியில் நின்றாலே நிறம் மாறும். தடிமனான இரும்பு அது, ஒன்றும் ஆகாது. வெல்டிங் ஓரம் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. வெல்டிங் கசடு ஒட்டியிருந்தால் அதன் மேல் பூச்சு பிடிக்காது, துரு முதலில் அங்கே எட்டிப்பார்க்கும். புதிதாக இருக்கும்போதே அதைத் துலக்கிப் பூச்சுப் போட்டால் அரைமணி நேர வேலை.

உத்தரவாதத் தாளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 'துருவுக்கு இத்தனை ஆண்டு' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பாடித் தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுவதற்கு. சேஸிஸ் அதில் சேருமா என்று தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டல்கழித்தல்

அலுமினிய பாடி என்றால் துரு கவலையே இல்லை என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஃபோர்டு எஃப்-150 2015 மாடலிலிருந்து அலுமினிய பாடிக்கு மாறியது. ஆனால் கீழே சேஸிஸ் எஃகுதான். மேலே ஒரு புள்ளி துரு இல்லாமல் மின்னுகிற வண்டிக்கும் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

பழையஏடு

புது வண்டிக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு பழைய விவகாரம். அமெரிக்காவில் டொயோட்டா 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்கப்களின் சேஸிஸ் துருவுக்காக 2008இல் உத்தரவாதத்தை 15 ஆண்டாக நீட்டியது. ரொம்ப மோசமாக அரித்த வண்டிகளைச் சந்தை மதிப்பைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2009இல் 2000 முதல் 2003 வரையிலான டன்ட்ரா பிக்கப்களைத் திரும்ப அழைத்தார்கள். பின் கிராஸ் மெம்பர் அரித்துப்போய் ஸ்டெப்னி சாலையில் விழலாம் என்பதுதான் காரணம். நெடுவழி, நீங்கள் நகத்தால் சுரண்டிய அதே இடம்.

அதோடு முடியவில்லை. 2005 முதல் 2010 வரையிலான டகோமா, 2007, 2008 டன்ட்ரா, 2005 முதல் 2008 வரையிலான செக்வோயா எஸ்யூவி ஆகியவற்றின் சேஸிஸுக்குப் போதிய துருக்காப்பு இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 2016இல் சமரசம் ஆனது, சுமார் 15 லட்சம் வண்டிகள் அதற்குள் வந்தன. துருவால் 10 மில்லிமீட்டர் அல்லது அதற்குப் பெரிய ஓட்டை விழுந்திருந்தால் சேஸிஸையே மாற்றித் தருவது என்று அளவுகோல் வைத்தார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பழைய வண்டி பார்க்கும்போது சேஸிஸ் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். 15 வயது வண்டிக்குள் இளமையான சேஸிஸ் இருக்கிறது என்றால் அது பெரிய லாபம். பிராண்ட் பெயரை வைத்து மட்டும் நல்லது கெட்டது சொல்ல முடியாது, அந்த வண்டியைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கடலோரம்

எனக்குக் கடற்கரைப் பிழைப்பு. பனியும் இல்லை, சாலை உப்பும் இல்லை, ஆனாலும் வண்டி அரிக்கும். படகு டிரெய்லரை இறக்கப் பின்சக்கரம் வரை தண்ணீரில் விட்ட பிக்கப்பை வாங்கவே கூடாது. மீன் ஏற்றிய வண்டியும் அப்படித்தான். ஐஸ் உருகி, உப்பும் நிணமும் கலந்த தண்ணீர் பாடியின் இடுக்கு வழியாக நேராகப் பின் கிராஸ் மெம்பரில் சொட்டும், நாள் முழுக்கச் சொட்டும். உர மூட்டை ஏற்றிய வண்டியையும் சந்தேகத்தோடு பாருங்கள். ரசாயன உரத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பில் ஒட்டிக்கிடக்கும்.

பனிச் சாலைகளில் போடும் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் இதே குணம்தான். காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கண்ணுக்குக் காய்ந்தது போல இருக்கும், மடிப்புக்குள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அதனால்தான் பனிக்காலம் முடிந்ததும் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவச் சொல்கிறார்கள். பெட்டிக்குள்ளேயும் ஓட்டை வழியாகத் தண்ணீர் விட்டு, வெளியே வருகிற தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும்.

பூச்சைப் பற்றி என் அனுபவம். இறுகிக் காய்கிற ரப்பர் பூச்சைப் பழைய வண்டிக்கு அடிக்கவே மாட்டேன். ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழி தெரியாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆட்டுக் கம்பளிக் கொழுப்பிலிருந்து எடுக்கும் லனோலின் கலந்த பூச்சைத்தான் அடிக்கிறேன். காயாமல் பிசுபிசுவென்று இருக்கும், மடிப்புக்குள் ஊர்ந்து போகும், கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். குறை என்னவென்றால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும், தூசி ஒட்டும், ஆட்டு வாடையும் சில நாள் இருக்கும். பிரேக் டிஸ்க்கிலும் சைலன்சரிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் என்றால் ரப்பர் புஷ்ஷை உப்ப வைத்துவிடும், அதையும் பாருங்கள்.

மூன்றாம்கியர்

துருவைக் கறுப்பாக மாற்றுகிற திரவம் விற்கிறதே, அது?

கடலோரம்

பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்தது. மேல்துருவுக்கு நல்லது, நானே பயன்படுத்துகிறேன். பொருக்கின் மேல் ஊற்றினால் மேல் அடுக்கோடு நின்றுவிடும். கரைந்துபோன இரும்பை அது திருப்பித் தராது.

அச்சாணி

நெடுவழி, பார்க்கப் போகும்போது பிரேக் பைப்பை மறந்துவிடாதீர்கள். சேஸிஸை அரித்த உப்பு அந்த மெல்லிய இரும்புக் குழாயை விட்டுவைத்திருக்காது. சேஸிஸ் இன்றோ நாளையோ ஒடியாது, பைப் ஒரு அழுத்து அழுத்தும்போது வெடிக்கும். டேங்குக்கு மேலே போகிற பகுதியில் விரலை ஓட்டுங்கள், கொப்புளம் தட்டுப்பட்டால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது செம்பு-நிக்கல் குழாய் போடச் சொல்லுங்கள், துருப்பிடிக்காது.

போனில் மாட்டுகிற எண்டோஸ்கோப் கேமரா ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். சேஸிஸ் ஓட்டை வழியாக உள்ளே விட்டுப் பாருங்கள். சுத்தியல் தட்டுவதற்கு விற்பவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். கூடாது என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நெடுவழி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டையும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தாகிவிட்டது.

முதல் வண்டிக்காரர் நல்ல மனிதர், தட்டிக்கொள்ளுங்கள் என்றார். தீப்பொறி அண்ணன் சொன்னபடி முன்னாலிருந்து தட்டிக்கொண்டே போனேன். பின் அச்சு வளைவு வரும்போது சத்தம் செத்துவிட்டது, இரண்டு பக்கமும். கேமராவை உள்ளே விட்டோம். புத்தகத்தின் தாள்கள் நனைந்து ஊதியது போல அடுக்கடுக்காகத் துரு, பாதி உயரத்துக்கு அதன் உடைசல்களே நிரம்பியிருந்தன. வடிகால் ஓட்டையில் ஒரு கம்பியை விட்டேன், எதிர்ப்பக்கம் வரை போகவே இல்லை. டேங்குக்கு மேலே பிரேக் பைப்பில் மூன்று கொப்புளம். விற்பவரும் என் தோள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் இதிலேதான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன்" என்று மட்டும் சொன்னார். விலையைக் குறைக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பைப்பை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது வண்டியில் தட்டிய இடமெல்லாம் ஒரே சத்தம். உள்ளே கம்பெனிப் பூச்சு, அதன் மேல் செம்மண் தூசி, ஒரு மூலையில் காய்ந்த குளவிக் கூடு. அவ்வளவுதான். குறைகள் இல்லாமல் இல்லை. இன்ஜின் பின் சீலில் எண்ணெய் கசிகிறது, பால் ஜாயின்ட் இரண்டும் ஆடுகிறது, ரேடியேட்டர் குழாய்கள் வெயிலில் வெடித்திருக்கின்றன. மெக்கானிக்கிடம் கணக்குப் போட்டு வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு பேசினேன். ஒத்துக்கொண்டார். நேற்று வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை லனோலின் அடிக்கப்போகிறேன். கடலோரம் அண்ணா, பெட்டிக்குள் அடிக்க எந்த ஓட்டையில் தொடங்குவது?

கடலோரம்

வாழ்த்துகள் தம்பி. முன்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். குழாயைக் கடைசிவரை விட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். ஒவ்வொரு வடிகால் ஓட்டையிலும் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அங்கே அடைப்பு. அப்புறம், அடிப்பதற்கு முன்னால் அந்தக் குளவிக் கூட்டை எடுத்துவிடுங்கள். காய்ந்த மண்தான், ஆனால் முதல் மழையில் ஈரத்தை அதுதான் பிடித்து வைத்துக்கொள்ளும்.